காருக்குள் வேகும் செல்போன்

காரை வெயிலில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவிட்டால் உள்ளே இருக்கும் செல்போனுக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை வேறு.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிதமான வெயில் நாளிலும் காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. 2018-இல் வெளியான அரிசோனா ஆய்வில், வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்டு ஒரு மணி நேரத்தில் சராசரியாக 69 டிகிரியைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில்கூட 48. ஐபோனை வைத்திருக்கக்கூடிய உச்ச வெப்பமாக ஆப்பிள் சொல்வதோ 45 டிகிரிதான்!

அதிக சூட்டில் எல்சிடி திரை கறுத்துப் போகலாம். ஆறியதும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதி அடைவது இதனால்தான். ஆனால் லித்தியம் பேட்டரி அப்படி மீள்வதில்லை. சூட்டில் அதன் உள்ளே வேதிவினை வேகம் பிடிக்கிறது; சேமிக்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சில சமயம் வாயு உண்டாகி பேட்டரி உப்பிவிடும். முழு சார்ஜில் இருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். ஆறு மாதம் கழித்து "இந்த போனே சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டும்போது, அந்த மே மாத மதியம் யாருக்கும் ஞாபகம் வராது.

கவனமாக இருந்தால் போதாதா? போதாது. போனைக் காரில் விடுபவர் எல்லோரும் மறதிக்காரர்கள் அல்ல. 2025-இல் நீட் தேர்வு மே 4 அன்று மதியம் 2 மணிக்குத் தொடங்கியது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் அன்றுதான். தேர்வு மையத்துக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. பொருட்களை வைக்க மையத்தில் ஏற்பாடும் இல்லை என்பது விதி. தனியாக வந்த மாணவர் போனை வண்டியில் வைக்காமல் வேறு எங்கே வைப்பார்?

தடை தவறில்லை. தடை போடுபவர் ஒரு வழியும் காட்ட வேண்டும். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை (2022 டிசம்பர்), போனை ஒப்படைத்துச் செல்ல வசதி செய்யவும் சொன்னது. அதே நியாயம் தேர்வு மையங்களுக்கும் பொருந்தாதா? நிழலில் ஒரு மேசை, ஒரு டோக்கன், பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பெரிய செலவா இது?

அதுவரை, வேறு வழியே இல்லாதவர்கள் போனை அணைத்துவிட்டு, டாஷ்போர்டில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். எடுத்த உடனே சார்ஜ் போடாமல் ஆற விடுவது நல்லது. பவர் பேங்கையோ காரில் விடவே வேண்டாம்.