கடைசிப் பத்தியில் காலனி

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகளின் தொகுப்பில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். செய்தி உடனே நாளிதழ்களில் வந்தது, நாமும் மகிழ்ந்தோம். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் எத்தனை கோடிக்கு விற்பனை என்பதும் படத்தோடு வந்துவிடுகிறது. அதே செஞ்சி வட்டத்தில் ஒரு காலனியின் சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டால், அது செய்தியாக எத்தனை நாள் ஆகிறது? வந்தாலும் எப்படி வருகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மழைக்காலத்தில் ஒரு மூதாட்டியின் சடலத்தைத் தூக்கிச் சென்றபோது வழியில் முள்வேலி போட்டிருந்தார்கள். பிற்பகல் முழுவதும் சடலம் சாலையிலேயே இருந்தது. நாமே பகுதிநேர நிருபர் ஒருவரை அழைத்து விவரம் சொன்னோம். மறுநாள் வந்தது நான்கு வரி. இரு தரப்பினரிடையே வாக்குவாதம், போலீசார் சமரசம் என்று முடிந்துவிட்டது. வேலி போட்டது யார், பாதை யாருடையது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிருபர் மீது நமக்குக் கோபம். நேரில் கேட்டோம். அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அனுப்பியது பதினான்கு வரி. மூதாட்டியின் மகன் சொன்னது அதில் கடைசிப் பத்தியாக இருந்தது. அன்று மாலை விளம்பரம் ஒன்று வந்ததால் செய்தி கீழிருந்து வெட்டப்பட்டது.

அன்று நமக்கு ஒன்று புரிந்தது. காலனியின் குரலை மறைக்க யாரும் தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை. செய்தி நகரும் வழியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அந்த வழியைப் பாருங்கள். வட்ட அளவிலான நிருபருக்குப் பெரும்பாலும் முதல் தகவல் காவல் நிலையத்திலிருந்து வருகிறது. ஆகவே காவல்துறை சொன்னது முதல் பத்தி ஆகிறது. பகுதிநேர நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்திக்கும் படத்துக்கும்தான் காசு. விளம்பரம் பிடிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில். விளம்பரம் தருகிற ஊர்ப் பெரியவரே வேலி போட்டவராக இருந்தால் அவர் என்ன எழுதுவார்? மேசையில் இருக்கும் உதவி ஆசிரியருக்கு நம் ஊர் தெரியாது. இடம் போதாதபோது கீழிருந்து வெட்டுவது அங்கே பழக்கம். வெட்டுக்குத் தப்பிய செய்தியும் மாவட்டப் பக்கத்தோடு நின்றுவிடும். பக்கத்து மாவட்டத்துக்காரர் கண்ணில்கூடப் படாது.

இதைத் தீர்மானிக்கும் நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள்? 2006-ல் டெல்லியில் 37 ஊடகங்களின் முக்கியப் பொறுப்பாளர்கள் 315 பேரை ஆய்வு செய்தார்கள். அவர்களில் ஒரு தலித்தும் ஒரு பழங்குடியினரும் இல்லை. 2019-ல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 முன்னேறிய சாதியினர் வசம் இருந்தன. தலித், பழங்குடியினர் அங்கேயும் இல்லை.

ஆள் மாற வேண்டும். தலித் இளைஞர்கள் பயிற்சியோடும் சம்பளத்தோடும் செய்தி அறைக்குள் போக வேண்டும். அதுவரை காத்திருக்காமல், நாளைக்கே செய்யக்கூடியவை நான்கு.

ஒன்று, பாதிக்கப்பட்டவர் சொன்னது இரண்டாம் பத்திக்குள் வர வேண்டும். பிறகு எங்கே வெட்டினாலும் அது மிஞ்சும். இரண்டு, சொல்லில் கவனம். ஒருவர் அடித்து ஒருவர் வாங்கினால் அது மோதல் அல்ல, தாக்குதல். மூன்று, விளம்பரம் பிடிக்கும் வேலையைச் செய்தி எழுதுபவரிடமிருந்து பிரிக்க வேண்டும்.

நான்கு, மாவட்ட மேசையில் ஒரு தேதிக் குறிப்பேடு. வன்கொடுமை வழக்கில் 60 நாளுக்குள் விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது விதி. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். சம்பவம் நடந்த அன்றே இந்தத் தேதிகளைக் குறித்துவைத்தால் 61-ம் நாள் கேள்வி தானாக எழும். நம் மாவட்டத்து மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டு, 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. பூட்டிய நாளும் திறந்த நாளும் தாமே செய்தியாகும். இடைப்பட்ட ஒன்பது மாதத்தில் அந்தக் காலனி எப்படி வாழ்ந்தது என்று எழுதுவதற்கு ஒருவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால்தான் உண்டு.

1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். நம் செய்தியை நாமே எழுதி, நாமே அச்சிட்ட மரபு நமக்கு உண்டு. எனவே மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஏதாவது நடந்தால் வாட்ஸ்அப்பில் கோபத்தை மட்டும் அனுப்பாதீர்கள். தேதி, நேரம், இடம், மனு கொடுத்த அலுவலகம், ரசீது எண், பேசத் தயாராக உள்ள ஒருவரின் கைப்பேசி எண், வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் ஆகியவற்றை அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர் சொன்னதை முதல் வரியில் எழுதுங்கள். செய்தி வரவில்லை என்றால் மூன்றாம் நாள் மீண்டும் கேளுங்கள்.

அந்த மூதாட்டியின் மகன் இன்றும் நாளிதழ் வாங்குகிறார். அதில் அவர் சொன்னதும் இருக்க வேண்டும்.