பாட்டியின் சடக்கு

சென்ற செமஸ்டர் விடுமுறையில் நானும் அப்பாவும் மோட்டார் சைக்கிளில் சுங்கை சிப்புட் பக்கம் போனோம். பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தைப் பார்ப்பது நோக்கம். “மூணாங்கட்டையில திரும்பு. சின்னப் பாலம் வரும். அதத் தாண்டுனா கோயில் மாமரம்” என்று பாட்டி வழி சொல்லி அனுப்பினார்.

மூணாங்கட்டை இருந்தது, சடக்குதான் இல்லை. நெஞ்சளவு லாலாங். மோட்டாரை நிறுத்திவிட்டு, அப்பா பாராங்கால் வெட்டிக்கொண்டே முன்னே நடந்தார். புல்லுக்கு அடியில் செம்மண் இன்னும் இறுகிக் கிடந்தது. பாலம் உடையவில்லை. லயம் இருந்த இடத்தில் சிமெண்டுப் படிகள், ஒரு முருங்கை, புதராய் மண்டிய கறிவேப்பிலை. யாரோ வீட்டு வாசலில் நட்டது.

அப்போது லாரிச் சத்தம் கேட்டது. மேட்டில் ஏறிப் பார்த்தால், மறுபுறம் அகலமான புதுப்பாதையில் செம்பனைக் குலைகள் போய்க்கொண்டிருந்தன. தோட்டம் கைவிடப்படவில்லை, நண்பர்களே! மரத்துக்குப் போகும் பாதை நன்றாகவே இருக்கிறது. மனிதர் வீட்டுக்குப் போன பாதைக்குத்தான் வேலை இல்லாமல் போய்விட்டது.

தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்ததையும் ரிட்லியின் பெயரையும் மனனம் செய்து புள்ளி வாங்கினேன். 1948-இல் அவசரகாலம் தொடங்கியது இதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்ட பிறகு என்பதும் தெரியும். ஆனால் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதையும், பாட்டியின் அப்பா சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்ததையும் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். பாட்டியின் தோட்டம் அதில் சேரவில்லை.

“தோட்ட வாழ்க்கை அடிமை வாழ்க்கை, அதற்கு ஏன் ஏக்கம்?” என்று சிலர் கேட்கலாம். சரிதான். பாட்டிக்கே திரும்பிப் போக ஆசையில்லை. விடியற்காலைப் பெரட்டை நினைத்தால் இன்றும் திட்டுவார். நான் ஏங்கச் சொல்லவில்லை, எழுதி வைக்கச் சொல்கிறேன். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் வரைபடத்தில் உண்டு. நம்மவர் வைத்த பெயர்கள், கோயில் மேடு, கள்ளுக்கடை முக்கு போன்றவை, எந்த வரைபடத்திலும் இல்லை. எழுபது எண்பது வயதுக்காரர்களின் வாயில்தான் இருக்கின்றன.

நம் சங்கம் ஆண்டுதோறும் கலை இரவுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை (நானும் ஆடியிருக்கிறேன், மோசமாக). அதில் ஒரு வாரத்தை இதற்குக் கொடுக்க முடியாதா? ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து ஒரு தோட்டத்துச் சடக்கை வரைந்து வாங்கினால் போதும். காட்டுக்குள் ‘எக்ஸ்புளோர்’ பண்ணப் போகவேண்டியதில்லை. போனால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் வரைந்ததைப் பாட்டியிடம் காட்டினேன். பென்சிலை வாங்கி, ஆயக்கொட்டகையை ஆற்றின் மறுகரைக்கு மாற்றினார். பதினொரு இடங்களுக்குப் பெயர் சொன்னார். பாலத்தின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்து லயத்து அக்கா ஒருவர் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றார். அடுத்த விடுமுறையில் போகவேண்டும்.