அந்தச் சின்ன ஓட்டையை ஏன் அடைத்தீர்கள்?



பதிவு கொஞ்சம் நீளம்தான். என் இயற்பியல் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது பெரிதில்லை. இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

போன தீபாவளிக்குப் பெரியவன் புது டிவி வாங்கி அனுப்பினான். 43 அங்குலம். படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பழைய டிவியில் மாட்டியிருந்த என் ஹெட்போன் வயரை எடுத்துக்கொண்டு இதன் பின்னால் போனேன். எச்.டி.எம்.ஐ. மூன்று, யு.எஸ்.பி. இரண்டு, இன்டர்நெட் கேபிளுக்கு ஒன்று, ஆப்டிகல் என்று எழுதிய சதுர ஓட்டை ஒன்று. 3.5 மில்லிமீட்டர் வட்ட ஓட்டையை மட்டும் காணோம். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சார், இப்ப எல்லாம் ப்ளூடூத்துதான், வயரெல்லாம் பழைய காலம்" என்றார்.

எனக்கு வயது 71. காது டாக்டர் கிராப் போட்டுக் காட்டினார். குறைந்த அதிர்வெண்ணில் கோடு நேராகப் போகிறது, மேலே போகப் போகச் சரிந்து விழுகிறது. சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. ச, த, ட போன்ற எழுத்துகளின் கூர்மையெல்லாம் அந்தச் சரிந்த பகுதியில்தான் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் 'சட்டம்' என்கிறாரா 'பட்டம்' என்கிறாரா என்று எனக்குத் தெரியாது. வால்யூமைக் கூட்டினால் எனக்குப் புரிவதற்கு முன் தெருமுனைக்குக் கேட்கும். உங்கள் டீச்சரம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். அதற்குத்தான் ஹெட்போன். நான் காதில் மாட்டிக்கொள்வேன், அவள் ஸ்பீக்கரில் கேட்பாள். பழைய டிவியில் ஏழு வருடம் அப்படித்தான் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.

சரி, காலத்தோடு போவோம் என்று ப்ளூடூத் ஹெட்போனும் வாங்கினேன். மாட்டிய உடனே டிவி ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. மெனுவைத் தோண்டிப் பார்த்தால், 'டிவி ஸ்பீக்கர்' அல்லது 'ப்ளூடூத்'. இரண்டில் ஒன்றுதான். எனக்குக் கேட்டால் அவளுக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்டால் எனக்குக் கேட்காது. இரண்டு மாதம் அவள் அடுக்களையில் போனில் சீரியல் பார்த்தாள், நான் கூடத்தில் தனியாகச் செய்தி பார்த்தேன். 44 வருடம் குடும்பம் நடத்தியவர்களை ஒரு மெனு பிரித்து உட்கார வைத்தது.

உதட்டசைவு தனி, குரல் தனி என்ற கூத்து வேறு. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க நேரம் பிடிக்கிறது. சாதாரண முறையில் சுமார் 0.2 வினாடி வரை ஆகும். கணக்குப் போடுங்கள். காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர், 0.2 வினாடிக்கு 68 மீட்டர். ஆறடி தூரத்தில் இருக்கும் டிவியை, 68 மீட்டருக்கு அப்பால் மைதானத்தில் நின்று கேட்கிற மாதிரி. சில டிவிகள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சரிக்கட்டும். எங்கள் வீட்டு டிவிக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. என்னைப் போல் பாதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவனுக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

பிளஸ் ஒன் லேபில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைத் திறந்து காட்டினேனே, நினைவிருக்கிறதா? இயர்போன் ஓட்டைக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு. பிளக் உள்ளே போனதும் தகடு விலகும், ஸ்பீக்கருக்குப் போகும் மின்தொடர்பு அறுந்துபோகும். அன்று ஸ்பீக்கரை நிறுத்தியது அந்தத் தகடு. தகடுக்கு யோசிக்கத் தெரியாது, அதன் மேல் எனக்குக் கோபமில்லை. இன்று ஸ்பீக்கரை நிறுத்துவது யாரோ உட்கார்ந்து எழுதிய புரோகிராம். 'அல்லது' என்று எழுதிய கை 'மற்றும்' என்று எழுதியிருக்கலாம். முடியாது என்று சொல்லாதீர்கள். சில கம்பெனிகளின் டிவியில் ஹெட்போனும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கிற வசதி இன்றைக்கே இருக்கிறது. என்ன, அதையும் செட்டிங்ஸுக்குள் நாலு படி இறங்கினால்தான் கண்டுபிடிக்க முடியும்.

இடமில்லை, டிவி மெலிந்துவிட்டது என்பார்கள். விளிம்புதான் மெலிந்திருக்கிறது, பின்பக்கம் கீழே பெட்டி மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறதே! அங்கே மூன்று எச்.டி.எம்.ஐ.க்கு இடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் செருகிய பிளக்கின் பேரப்பிள்ளை இந்தச் சின்ன பிளக். நூறு வருடத்துக்கு மேல் உழைத்த குடும்பத்துக்கு ஒரு ஓட்டை கூடவா இல்லை?

வயரில் தொல்லையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். என் மைத்துனர் ஹெட்போன் வயர் தட்டி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வயரில்லாதது நல்லதுதான். ஆனால் நல்லது ஒன்று வந்தால் பழையதைப் பிடுங்கித்தான் ஆக வேண்டுமா?

ஒரு வழியாகத் தீர்வு கண்டுபிடித்தேன். இதே சிக்கலில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்டிகல் ஓட்டையில் சிவப்பு வெளிச்சமாக டிஜிட்டல் ஒலி வருகிறது. அதை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் சின்ன டப்பா, 'டாக்' என்று கேளுங்கள். நான் 900 ரூபாய்க்கு வாங்கினேன். ஹெட்போன் ஓட்டையும் வால்யூம் திருகும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ரிமோட் இதன் ஒலியைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். டிவி மெனுவில் டிஜிட்டல் ஒலியை 'பி.சி.எம்.' என்று மாற்ற வேண்டும். டால்பியில் விட்டால் சத்தமே வராது, அல்லது இரைச்சல் வரும். எனக்கு இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் போனது. எங்கள் டிவியில் ஆப்டிகலும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடுகின்றன, அதனால் பிழைத்தோம். எல்லா டிவியிலும் அப்படி இல்லை. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கே இந்தப் பாடு. பக்கத்து வீட்டு ஆச்சி பி.சி.எம்.முக்கு எங்கே போவார்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42-ஐ எடுத்துப் படியுங்கள். அன்றாடம் புழங்கும் மின்னணுச் சாதனங்கள் எல்லோரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வீட்டு டிவியை விட அன்றாடம் புழங்குவது எது? ஐரோப்பாவில் சட்டம் போட்டு 2024 டிசம்பர் 28 முதல் புது செல்போனுக்கெல்லாம் டைப்-சி ஓட்டை வைக்கச் சொன்னார்கள், கம்பெனிகள் வாயை மூடிக்கொண்டு வைத்தன. சொல்ல ஆள் இருந்தால் ஓட்டை தானாக வரும்.

பெங்களூரிலும் சென்னையிலும் இந்த மாதிரி சாதனங்களுக்கு சாப்ட்வேர் எழுதுகிற பிள்ளைகள் உங்களில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்களைத்தான் கேட்கிறேன். அந்த 'அல்லது' யார் வைத்தது, ஏன் வைத்தது? அடுத்த மீட்டிங்கில் கேட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள். கும்பிடு போடும் பொம்மை மட்டும் போட்டுவிட்டுப் போனால் ஆப்சென்ட் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அப்பா அம்மாவுக்கு டிவி வாங்கப் போகிறவர்கள் ஒரு ஹெட்போனைக் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே மாட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர் ஊமையானால் வேறு டிவி காட்டச் சொல்லுங்கள்.

போன் செய்கிறவர்கள் இரவு எட்டு மணிக்கு முன் செய்யுங்கள். அதற்குப் பிறகு நானும் டீச்சரம்மாவும் கூடத்தில் இருப்போம், எனக்கு மணி கேட்காது.