ஆர்கனுக்கு ஆள் வேண்டும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கக் குழந்தைகள் கீபோர்டு வாசித்ததை எல்லோரும் ரசித்தோம். ஒரு சிறுவன் பாட்டின் நடுவே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். உடனே தேவாலயத்து ஆர்கன் ஒலி எழுந்து அரங்கத்தை நிறைத்தது. கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. நானும்தான் தட்டினேன். ஆனால் வீடு திரும்பும்போது மனம் உறுத்தியது. அதன் காரணத்தை அன்பர்களிடம் சொல்லிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

பிழைப்புக்காகக் கொல்கத்தா வந்து முப்பது வருடங்கள் ஆகின்றன. நான் வழிபடும் ஆலயத்தில் பழைய பைப் ஆர்கன் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் அது மக்கர் செய்யத் தொடங்கியது. அதைப் பழுது பார்ப்பதா, எலக்ட்ரானிக் கருவி ஒன்று வாங்கிவிடுவதா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அப்போது நானும் ஓர் அங்கத்தினர். வரவு செலவு பார்க்கிறவன் என்ற முறையில் புதுக் கருவிக்கே கை தூக்கினேன். செலவு குறைவு, பராமரிப்புத் தொல்லை இல்லை என்று பேசியும் வைத்தேன். அன்று முதல் அந்த ஆர்கன் வாய் திறக்கவில்லை.

ஆர்கனை அருகில் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாதஸ்வரத்தைப் போல அதுவும் காற்றால் பேசும் கருவி. துருத்தி காற்றைச் சேர்த்து வைத்திருக்கும். கட்டையை அழுத்தினால் அடைப்புத் திறந்து குழலுக்குள் காற்றுப் போகும். ஒவ்வொரு சுரத்துக்கும், ஒவ்வொரு தொனிக்கும் தனித்தனிக் குழல். உச்ச சுரத்துக்கு விரல் நீளக் குழல். கீழ் சுரத்துக்கு 16 அடி நீளக் குழல்கூட உண்டு. கைகளுக்கு இரண்டு மூன்று வரிசைக் கட்டைகள், கால்களுக்குத் தனியாக ஒரு வரிசை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியா நகரில் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கிய கருவியே இதற்கு மூதாதை.

இதையெல்லாம் நான் அறிந்துகொண்டது என் பெண்ணால்தான். பியானோவில் ஐந்தாம் கிரேடு முடித்தவள், ஆர்கன் கற்க வேண்டும் என்றாள். வேறோர் ஆலயத்தில் வயதான ஓர் ஆசிரியை கிடைத்தார். முதல் நாளே என் பெண் திணறிப்போனாள். பியானோவில் ஓங்கி அடித்தால் ஓசை கூடும். ஆர்கனில் எப்படி அழுத்தினாலும் ஒரே ஓசைதான். விரல் இருக்கும்வரை சுரம் குறையாமல் நிற்கும். எடுத்த கணமே நின்றுவிடும். விரலின் சோம்பேறித்தனத்தை மறைக்க வழியே கிடையாது. கால்களோ கீழே பார்க்காமல் இடம் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய ஆலயத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே காதுக்கு வரும். காதை நம்பினால் தாளம் தப்பும். அவளுக்குப் பொறுமை என்று ஒன்று வந்ததே இதற்குப் பிறகுதான்.

ஆனால் அவள் சாதகம் செய்ய வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அந்த ஆர்கனும் ஆலயத்தின் மற்ற அலுவல்கள் போக மிஞ்சிய நேரத்தில்தான். நாங்கள் ஞாயிறுதோறும் உட்காரும் இடத்துக்கு எதிரிலேயே ஓர் ஆர்கன் ஊமையாக நிற்கிறது. அதற்குக் கை தூக்கியவன் நான். "ஏம்ப்பா அதை விட்டீங்க?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நம் ஊர் ஈரக்காற்றில் துருத்தித் தோல் வெடிக்கும், மரம் உப்பும், கரையான் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் தினமும் வாசிக்கிற ஒருவர் இருந்தால் சின்னக் கோளாறு அன்றே தெரிந்துவிடும். வாசிக்க ஆளில்லாத கருவியில் அதுவே பெரிய செலவாக வளர்ந்து நிற்கும். அன்று நான் போட்ட கணக்கில் விட்டுப்போனது இதுதான்.

"இது கிறிஸ்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். பிடில் எங்கிருந்து வந்தது? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதை ஐரோப்பிய முறையில் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். நம் பஜனைக்கு இல்லாமல் முடியாத ஆர்மோனியமும் ஆர்கனுக்கு உறவுதான். 1842-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியை, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றியதில் இதே கொல்கத்தாவின் துவாரகாநாத் கோஷுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பக்கத்திலிருந்தும் நம்மிடம் வந்திருக்கிறார்கள். பாரிசின் திரித்துவ ஆலயத்தில் 1931 முதல் ஆர்கன் வாசித்த ஒலிவியே மெசியான், சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள தாளங்களைப் படித்துத் தம் இசையில் கையாண்டார்.

உலகம் இந்தக் கருவியைக் கைவிட்டுவிடவில்லை. ஜெர்மனியின் ஆர்கன் தொழிலையும் இசையையும் 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. 2019-இல் பாரிசின் நோத்ருதாம் ஆலயம் தீப்பிடித்தபோது, சுமார் 8,000 குழல்கள் கொண்ட அதன் ஆர்கனில் ஈயத் தூசு படிந்தது. அதைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினார்கள். 2024 டிசம்பரில் அது மீண்டும் ஒலித்தது. அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பது சரி. ஆனால் முதலில் வேண்டியது வாசிக்க ஒரு பிள்ளை, கேட்க நாலு பேர். அதற்குக்கூட நம்மிடம் பஞ்சமா?

இருபது வயதுப் பாக், புக்ஸ்டஹூட என்ற பெரியவரின் வாசிப்பைக் கேட்க 1705-இல் சுமார் 400 கிலோமீட்டர் பயணம் போனார், அதுவும் கால்நடையாக என்பார்கள். நமக்கு அரை மணி பஸ் பயணம். இந்த ஊர் செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் இங்கிலாந்தின் ஹென்றி வில்லிஸ் கம்பெனியார் செய்த ஆர்கன் இருக்கிறது. குழந்தைகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். பியானோவோ கீபோர்டோ நன்றாக வாசிக்கிற பிள்ளை இருந்தால் ஆர்கனிலும் உட்காரவையுங்கள். பியானோவைப் போலவே இதற்கும் கிரேடு தேர்வுகள் உண்டு. எந்த மதத்துப் பிள்ளையானாலும் சரி.

அடுத்த மாதம் எங்கள் கமிட்டி மறுபடி கூடுகிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் ஆர்கனைப் பிரித்துவிடலாமா என்பதுதான் பேச்சு. நான் இப்போது அங்கத்தினர் இல்லை. கை தூக்கும் உரிமையும் இல்லை. ஆனால், "வாசிக்க இத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்" என்று ஒரு பட்டியலை நீட்ட முடியும். இப்போதைக்கு அதில் என் பெண்ணின் பெயர் மட்டும் இருக்கிறது.