ஆடு மேய்ந்தால் பிழைக்கும் பூ

நிறமுள்ள இதழ் அல்லி, பச்சை இதழ் புல்லி என்று உயிரியல் பாடத்தில் மனப்பாடம் செய்த மாணவர்களை இங்கிலாந்தின் பாஸ்க் மலர் சற்றுக் குழப்பும். அதன் ஊதா இதழ்கள் ஆறும் அல்லி இதழ்கள் அல்ல. புல்லி இதழ்களே நிறம் பூண்டிருக்கின்றன. நம் வீட்டு வாசலில் உள்ள காகிதப்பூவிலும் நிறம் அல்லியுடையதன்று, பூவைச் சூழ்ந்த இலைகளுடையது. பாடநூல் இலக்கணத்துக்கு இயற்கை கட்டுப்படுவதில்லை.

சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்த வறண்ட புல்வெளிதான் இந்தப் பல்லாண்டுச் செடியின் இடம். மழைநீர் அங்கே தங்குவதில்லை. செடி ஒரு சாண் உயரம்கூட இராது. தண்டிலும் இலையிலும் பட்டுப்போன்ற ரோமம். ஆழமாக இறங்கிய தடித்த வேரிலிருந்து ஆண்டுதோறும் துளிர்த்து, மற்ற புற்கள் எழும்புமுன் ஈஸ்டர் பெருநாளை ஒட்டிப் பூத்துவிடும். பெயரும் அப்படி வந்ததுதான். பூ உதிர்ந்தபின் காம்பு நீள்கிறது. சூலகத்தண்டுகள் வெள்ளி இறகுகளாக மாறி விதையைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. உயர்ந்த புல்லுக்கு நடுவே விழும் விதை எளிதில் வேர்பிடிப்பதில்லை.

கேம்பிரிட்ஜ்ஷயரிலுள்ள பார்னாக் என்னும் ஊரில் இது இன்றும் பூக்கிறது. பீட்டர்பரோ, ஈலி பேராலயங்களுக்குக் கல் வெட்டிய இடம் அது. 1500ஆம் ஆண்டுவாக்கில் நல்ல கல் தீர்ந்தது. மேடும் பள்ளமும் மிஞ்சின. சுற்றியிருந்த புல்வெளிகளை ஏர் உழுதது. இந்தக் குழிகளுக்குள் அதனால் நுழைய முடியவில்லை. மனிதன் சிதைத்துவிட்டுப் போன நிலமே மலருக்கு அடைக்கலம் ஆயிற்று.

அப்படியானால் வேலி போட்டு விட்டுவிடலாமா? கூடாது. புல் வளர்ந்து, புதர் மூடி, மலர் ஒடுங்கிவிடும். எனவே இலையுதிர் காலத்தில் அங்கே செம்மறி ஆடுகளை மேயவிடுகிறார்கள்.

சுற்றுச்சூழல் என்றதும் 'மனிதன் கைபடாத காடு' என்றே நம் மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். மழைக்காட்டு நாட்டில் வளர்ந்த நமக்கு அது இயல்பு. நம் காட்டுக்கு அது பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் அதையே எல்லா நிலத்துக்கும் சட்டமாக்குவது அறிவியல் ஆகாது. 'மரம் நடுவோம்' என்ற முழக்கத்தைப் பார்னாக் சரிவுக்குக் கொண்டுபோனால், 2002இல் கேம்பிரிட்ஜ்ஷயர், ஹெர்ட்ஃபர்ட்ஷயர் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் அடையாள மலராகத் தேர்வான செடி நிழலிலேயே மடியும். அங்கே மரக்கன்று களை, ஆடுதான் காவலாளி.