முதற்பரீட்சையும் மறுபரீட்சையும்

பௌதிகத்தில் முதற்பரீட்சை கடினமா, மறுபரீட்சை கடினமா என்னும் வாதம் பிடோக் அடுக்குமாடி வீடுகளிலும் கேட்கிறது. தோட்டத்து லயங்களிலும் கேட்கிறது. மறுபரீட்சை எழுதுவோருக்குப் படிக்க அதிக நாள் கிடைத்ததென்று ஒரு சாரார் பொறாமைப்படுகின்றனர். இரண்டாம் வினாத்தாளை வேண்டுமென்றே முறுக்கி அமைக்கிறார்களென்று மறு சாரார் புலம்புகின்றனர். இரு சாராரும் அநுமானத்தையே அறிவென்று கொண்டாடுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம்.

தோட்டத்திலே ரப்பர்ப் பால் நிறுப்பதைக் கவனியுங்கள். இருவர் கொண்டுவரும் பால் ஒரே எடையாயிருக்கலாம். ஒருவர் பாலில் நீர் மிகுந்திருக்கலாம். காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறுமென்று சோதித்த பின்னரே கணக்கில் எழுதுவது முறை. எடையை மாத்திரம் பார்த்து எழுதும் கிராணியைத் தொழிலாளர் சும்மா விடுவார்களா? ஆனால் படித்த பரீட்சை அதிகாரிகள் அதையே செய்தால் நாம் வாய்மூடி நிற்கிறோம்!

இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகளுக்கான நீட் பரீட்சை 2024 மே 5-ஆம் தேதி நடந்தது. சில நிலையங்களில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மார்க்கு அளித்தனர். கண்டனம் எழவே அது ரத்தாகி, ஜூன் 23-இல் மறுபரீட்சை வைக்கப்பட்டது. எழுதியவர் 813 பேர். கருணை மார்க்கினால் 720-க்கு 720 பெற்றிருந்தவர்களில் ஒருவரும் மறுபரீட்சையில் அதைப் பெறவில்லை. “தாள் கடினம்” என்றனர் சிலர். “முன்பு பெற்றதே போலி” என்றனர் சிலர். கருணை கலந்த ஒரு தொகையையும், ஏழு வாரங்கழித்து மனங்கலங்கி எழுதிய மற்றொரு தொகையையும் ஒப்பிட்டு இரண்டில் எதைத்தான் நிரூபிக்க முடியும்? ஆயினும் இரு தாள்களின் மார்க்குகளும் அப்படியே ஒரே தரவரிசையில் கொட்டப்பட்டன. அநீதி அங்கேதான் இருக்கிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்பார்க்கு அதே ஆண்டின் பௌதிகத் தாளே பதில். அணுவைப் பற்றிய ஒரே கேள்விக்கு இரு விடைகள் ஏற்கப்பட்டிருந்தன. ஒன்றே சரியென டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் கூறியதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் 5 மார்க்கு இழந்தனர். முழு மார்க்கு பெற்றோர் 61-லிருந்து 17 ஆயினர். ஒரு கேள்வி இத்தனை பேரைப் புரட்டுமாயின், தாள் முழுவதுமே மாறினால் எத்தனை பேரைப் புரட்டாது?

இலங்கையில் 2011 உயர்தரப் பரீட்சைக்குப் புதிய பாடத்திட்டத்தாரும், பழைய பாடத்திட்டத்தில் மறுமுறை எழுதியோரும் தோன்றினர். இருவருக்கும் இசட் புள்ளியைச் சேர்த்துக் கணித்தார்கள். தனித்தனியே கணிக்கும்படி 2012-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. வழக்காடப் பொருளும் துணையும் இல்லாத தோட்டப் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

நாம் வாழும் சிங்கப்பூரில், தக்க காரணத்தால் தேசியப் பரீட்சையின் ஒரு தாளை எழுத இயலாதவருக்கு வேறு தாள் வைப்பதில்லை. அவருடைய மற்றத் தாள்களையும் பள்ளித் தேர்ச்சியையும் கொண்டு தரம் மதிப்பிடுகிறார்கள். இதுவும் குறையற்றதன்று, எனினும் ஒவ்வாத இரு தாள்களை ஒன்றென்று சாதிக்கும் பிழை இதில் இல்லை.

நீட் நடத்தும் முகமையே பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயினில் பல வேளைத் தாள்களையும் சதமான முறையில் சமன் செய்கிறது. லட்சக்கணக்கானோர் கலந்து பிரிக்கப்படும்போது பொருந்தும் அம்முறை, 813 பேருக்குப் பொருந்தாதென்பது மெய்தான். அதனால் சும்மாயிருந்துவிடலாமா? முன்பே சோதித்துக் கடினம் அறிந்த கேள்விகளால் இரண்டாம் தாளை அமைக்கலாம். சில கேள்விகளை இரு தாள்களுக்கும் பொதுவாக வைக்கலாம். செய்ததைப் பகிரங்கமாக வெளியிடலாம்.

ஆகவே, பெற்றோர்களே, மறுபரீட்சை எழுதிய பிள்ளையை ஏளனமும் செய்யாதீர்கள், அநுதாபமும் காட்டாதீர்கள். இரண்டு தாள்களையும் எவ்விதம் சமன் செய்தீர்களென்று அதிகாரிகளைக் கேளுங்கள். பதில் கூற இயலாதோருக்கு நம் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் யோக்கியதை இல்லை.