ஆறு கூலிக்காரர்களும் ஒரு மரத்தடியும்

லண்டன் போய்வரும் நம்மவர்கள் எல்லோரும் ஒரே ஆல்பத்தைத்தான் காட்டுகிறார்கள். பிக் பென், அரண்மனை, மெழுகு பொம்மை. இங்கிலாந்தின் பாரம்பரியம் என்றால் ராஜாவும் கோட்டையும் மட்டும்தானா?

டார்செட் பக்கம் 'டால்பட்டில்' என்றொரு குக்கிராமம். ஊரின் சொத்து ஒரு சிக்கமோர் மரம். 1833-ல் விவசாயக் கூலிகள் அதன் அடியில் கூடிப் பேசியதாகச் சொல்கிறார்கள். வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, 7 என்று இறங்கி, 6 ஆகப்போகிறது என்று மிரட்டல் வந்த நேரம். சங்கம் வைத்தார்கள்.

சங்கம் வைப்பது அன்றைக்கே சட்டப்படி குற்றமில்லை! ஆனாலும் விட்டார்களா? கடற்படைக் கலகத்தை ஒட்டி 1797-ல் போட்ட ரகசிய சத்தியப்பிரமாணத் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1834 மார்ச்சில் ஜார்ஜ் லவ்லெஸ் உட்பட 6 பேருக்கு 7 வருட நாடுகடத்தல், ஆஸ்திரேலியாவுக்கு. லண்டனில் பெரும் ஊர்வலம், லட்சக்கணக்கில் கையெழுத்து. 1836-ல் மன்னிப்பு கிடைத்தது. திரும்பியவர்களில் 5 பேர் பிறகு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஊரோடு தங்கிய ஜேம்ஸ் ஹேமட் 1891-ல் ஏழைகள் விடுதியில் செத்தார்.

பழங்கதை எதற்கு என்கிறீர்களா? 1918-ல் வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் மில் முதலாளிகள் வாடியா மேல் வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். டார்செட்டில் ஆடிய அதே ஆட்டம்! தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும், "சங்கமா? அது வேலை செய்யத் துப்பில்லாதவனுக்கு அங்கிள்" என்கிறார்கள் நம் மென்பொருள் தம்பிகள். நான் வங்கிக்காரன். எங்கள் துறையில் 1966 முதல் இருதரப்பு ஒப்பந்தம் உண்டு. அதிகாரிகளான எங்கள் சம்பளமும் அதையொட்டிப் பேசித்தான் முடிவாகிறது. யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதல்ல. சந்தா வாங்கிக்கொண்டு தூங்கும் தலைவர்கள் இல்லையா என்றால், உண்டு. வாராக்கடன் இருக்கிறது என்பதற்காக வங்கியையே மூடிவிடுவார்களா?

இதே தம்பிகள்தான், ஒரே மதியத்தில் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினால், "யாரைப் போய்ப் பார்க்கணும் அங்கிள்?" என்று ராத்திரி போன் பண்ணுகிறார்கள். தனியாளாய் யாரைப் போய்ப் பார்ப்பாய் தம்பி?

1934-ல், நூற்றாண்டு நினைவாக, பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் அந்த ஊரில் 6 பேர் நினைவாக 6 வீடுகள் கட்டின. அருங்காட்சியகமும் இருக்கிறது. ஜூலை மாதம் விழா, ஊர்வலம். அடுத்தமுறை போனால் அரண்மனை வாசலில் கழிக்கும் நாளில் ஒன்றை மிச்சம்பிடித்து, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். உரிமை என்பது ஹெச்.ஆர். மெயிலில் வருவதில்லை என்று அந்த மரத்தடியில் சொல்லிக்கொடுங்கள்.